பிரிவுப் பாடல்கள் கற்பிக்கும் ஆங்கிலம்

ஆங்கிலம் பயிலும் தமிழர்களுக்குச் சொற்களைவிடக் காலங்களே பெரும் இடராக அமைகின்றன. பள்ளியில் பன்னிரண்டு காலங்களையும் அட்டவணையாக மனப்பாடம் செய்தவர்கூட, தொலைபேசியில் ஒரு செய்தியைச் சொல்ல நேரும்போது ‘லாஸ்ட்’ என்பதா, ‘ஹேவ் லாஸ்ட்’ என்பதா, ‘ஹேட் லாஸ்ட்’ என்பதா என்று தயங்குகிறார். புனேயிலோ தில்லியிலோ பணிபுரியும் ஒருவர், தம் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதை வங்கிக்கு ஆங்கிலத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்தது என்பது மட்டும் போதாது. எப்போது நடந்தது, நடந்து முடிந்துவிட்டதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்பதும் கேட்பவருக்கு விளங்க வேண்டும். அங்கே காலம் என்பது தேர்வு மதிப்பெண்ணுக்கு உரியதன்று. பணத்தைக் காப்பதற்கு உரியது.

மனப்பாடம் செய்த அட்டவணை ஏன் உரிய நேரத்தில் கைகொடுப்பதில்லை? அதில் காலத்தின் வடிவம் உண்டு. அந்த வடிவத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்ற காரணம் இல்லை. அந்தக் காரணத்தை உணர்த்துவதற்குக் காதல் முறிவைப் பாடும் ஆங்கிலப் பாடல்கள் மிகவும் ஏற்றவை. பிரிந்தவர் மனத்தில் மூன்று எண்ணங்களே சுழல்கின்றன: முன்பு எப்படி இருந்தோம், இன்று என்ன ஆயிற்று, வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். ஆங்கில இலக்கணத்தில் நம்மைத் தடுமாறவைக்கும் மூன்று பாடங்களும் இவையே.

பிரிவைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. பாலைத் திணையின் உரிப்பொருளே பிரிவுதான். ஆனால் பாலையின் தலைவன் பெரும்பாலும் பொருள் தேடிச் செல்கிறான். அவன் வரவை எதிர்நோக்கித் தலைவி காத்திருக்கிறாள். ஆங்கிலப் பாடல்களின் ‘பிரேக்கப்’ மீளாத பிரிவு. ஆகவே முடிந்துபோனதற்கும் இன்றைக்கும் இடையிலுள்ள தொலைவைச் சொல்லும் வினைவடிவங்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. பல பாடல்களுக்குத் தலைப்பே ஓர் இலக்கணப் பாடமாக அமைந்துவிடுகிறது. அத்தகைய சில தலைப்புகளை எடுத்துக்கொண்டு பயில்வோம்.

முன்பு இருந்தது, இன்று இல்லை

பெல்ஜியத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாடகர் கோட்டியே 2011இல் வெளியிட்ட பாடல் ‘சம்படி தட் ஐ யூஸ்ட் டு நோ’. முன்பு எனக்குத் தெரிந்த ஒருவர், இன்று அப்படியில்லை என்பது இதன் பொருள். ‘யூஸ்ட் டு’ என்ற இரு சொற்களே இத்தனையையும் சொல்லிவிடுகின்றன. பழைய வழக்கத்தையோ பழைய நிலையையோ கூறி, அது இப்போது இல்லை என்பதையும் அவை சேர்த்தே உணர்த்தும்.

‘ஐ யூஸ்ட் டு ஹேவ் அன் அக்கவுண்ட் இன் தட் பிராஞ்ச்’ என்றால், முன்பு அந்தக் கிளையில் எனக்குக் கணக்கு இருந்தது, இப்போது இல்லை என்று பொருள். ஒலிக்கும்போது ‘யூஸ்ட்’ என்பதன் ஈற்று மெய் தனித்துக் கேட்பதில்லை. ‘யூஸ்டு’ என்று ஒரே சொல்போல ஒலிக்கும்.

இந்தக் கருத்துக்குத் தமிழில் வியப்பான ஓர் ஒப்புமை உண்டு. ‘சிறு வயதில் இந்தக் குளத்தில் நீந்துவோம்’ என்கிறோம். ‘நீந்துவோம்’ என்பது எதிர்கால வடிவம். பொருளோ கடந்தகால வழக்கம். நன்னூல் இத்தகைய மாற்றத்தைக் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றின் காரணமாகக் காலம் மயங்கலாம் என்பது அதன் விதி. ஆங்கிலமும் இவ்வாறே ‘வுட்’ என்ற சொல்லைக் கடந்தகால வழக்கத்திற்குப் பயன்படுத்துகிறது. ‘வீ வுட் மீட் எவ்ரி ஈவ்னிங்’ என்பது ‘நாள்தோறும் மாலையில் சந்திப்போம்’ என்ற நம் தொடருக்கு நேர் இணை. ஒரு வேறுபாடு மட்டும் நினைவில் இருக்கட்டும். திரும்பத் திரும்ப நிகழ்ந்த செயலுக்கு இரண்டும் பொருந்தும். அறிதல், உடைமை போன்ற நிலைகளுக்கு ‘யூஸ்ட் டு’ மட்டுமே பொருந்தும்.

‘ஐ ஆம் யூஸ்ட் டு’ என்பது முற்றிலும் வேறு. ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன்’ என்றால், தனித்து வாழ்வது எனக்குப் பழகிவிட்டது என்று பொருள். இதன்பின் வினை வந்தால் அது ‘இங்’ ஈறு பெறும்.

நடந்தது நேற்று, விளைவு இன்று

‘ஷீ லெஃப்ட் இன் 2019’ என்பது வரலாறு. அவள் 2019இல் பிரிந்தாள். ‘ஷீ ஹேஸ் லெஃப்ட்’ என்பது இன்றைய நிலை. அவள் போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. நிகழ்ந்த செயல் ஒன்றே. முன்னது நிகழ்ந்த நாளை நோக்குகிறது. பின்னது விளைவை நோக்குகிறது. பிரிவுப் பாடல்களைக் கேட்கும்போது, பாடுபவர் பழைய நாளை நினைக்கிறாரா, இன்றைய வெறுமையைச் சொல்கிறாரா என்று கவனித்தால் இந்த வேறுபாடு தானே புலப்படும்.

இதை வங்கிக்குக் கொண்டுவருவோம். அட்டை தொலைந்தவுடன் சொல்ல வேண்டியது, ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கார்டு, ப்ளீஸ் பிளாக் இட்’. அட்டை இப்போது கையில் இல்லை, இப்போதே முடக்க வேண்டும் என்பதே செய்தி. எப்போது தொலைந்தது என்று அவர் கேட்டால், ‘ஐ லாஸ்ட் இட் எஸ்டர்டே ஈவ்னிங்’ என்று கூற வேண்டும். காலத்தைக் குறிக்கும் சொல் வந்தவுடன் ‘ஹேவ்’ விலகிவிடும்.

தமிழர் தவறும் இடம் இதுதான். ‘நேற்று அட்டையைத் தொலைத்துவிட்டேன்’ என்பது தமிழில் பிழையற்ற தொடர். அதை அப்படியே மாற்றி ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கார்டு எஸ்டர்டே’ என்கிறோம். ஆங்கிலம் இதை ஏற்பதில்லை. ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’ போன்ற முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொற்களோடு ‘ஹேவ்’ சேராது.

செயல் இன்னும் நிகழ்ந்துகொண்டிருந்தால் வடிவம் மீண்டும் மாறும். ‘மனி ஹேஸ் பீன் டெபிட்டட்’ என்றால் பணம் எடுக்கப்பட்டுவிட்டது. ‘மனி இஸ் பீயிங் டெபிட்டட்’ என்றால் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பின்னதைக் கேட்ட அலுவலர் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது என்று அறிந்துகொள்வார்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்னும் இரண்டும் பிரிவுப் பாடல்களில் அடிக்கடி வருவன. தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’. கடந்த கால அளவுக்கு ‘ஃபார்’. ‘ஐ ஆம் ஹேவிங் திஸ் அக்கவுண்ட் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று நாம் பலரும் சொல்கிறோம். ‘ஐ ஹேவ் ஹேட் திஸ் அக்கவுண்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி.

அப்படி நடந்திருந்தால்

பியான்சே 2008இல் பாடிய ‘இஃப் ஐ வேர் எ பாய்’ என்பதன் தலைப்பைப் பாருங்கள். ‘ஐ’ என்பதற்கு ‘வாஸ்’ வரவேண்டும் என்று படித்திருக்கிறோம். இங்கே ‘வேர்’ வந்துள்ளது. இது பிழையன்று. உண்மையல்லாத ஒன்றைக் கற்பனை செய்யும்போது ஆங்கிலம் ‘வேர்’ என்ற வடிவத்தைப் போற்றுகிறது. பேச்சில் ‘வாஸ்’ என்றும் வழங்கும். எழுத்தில் ‘வேர்’ சிறந்தது.

கற்பனை கடந்தகாலத்தைப் பற்றியதாக இருந்தால் வடிவம் நீளும். ‘இஃப் யூ ஹேட் கால்டு மீ, ஐ வுட் ஹேவ் கம்’ என்பதைத் தமிழில் ‘நீ அழைத்திருந்தால் நான் வந்திருப்பேன்’ என்கிறோம். ‘அழைத்திருந்தால்’ என்பதற்கு ‘ஹேட் கால்டு’. ‘வந்திருப்பேன்’ என்பதற்கு ‘வுட் ஹேவ் கம்’. உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. ஆங்கிலத்தின் மிகக் கடினமான தொடர் என்று அஞ்சப்படுவது தமிழருக்குப் பழகிய தொடரே ஆகும்.

ஒரே எச்சரிக்கை, ‘இஃப்’ உள்ள பகுதியில் ‘வுட்’ வரக்கூடாது. ‘இஃப் ஐ வுட் ஹேவ் ரெட் தி மெசேஜ்’ என்பது தவறு. ‘இஃப் ஐ ஹேட் ரெட் தி மெசேஜ் கேர்ஃபுலி, ஐ வுட் நாட் ஹேவ் ஷேர்டு தி ஓடிபி’ என்பதே சரி: செய்தியைக் கவனமாகப் படித்திருந்தால் ஓடிபியைப் பகிர்ந்திருக்க மாட்டேன். காதல் முறிந்தவரின் ஏக்கமும் ஏமாற்றப்பட்டவரின் வருத்தமும் ஒரே இலக்கணத்தில்தான் பேசுகின்றன. வாடிக்கையாளர் எவருக்கும் இந்தத் தொடரைச் சொல்லும் நிலை வாராதிருக்கட்டும்.

முடிவெடுத்த எதிர்காலம்

டெய்லர் ஸ்விஃப்ட் 2012இல் வெளியிட்ட ‘வீ ஆர் நெவர் எவர் கெட்டிங் பேக் டுகெதர்’ என்னும் தலைப்பு எதிர்காலத்தைச் சொல்கிறது. ஆனால் அதில் ‘வில்’ இல்லை. முன்பே முடிவுசெய்து உறுதியாகிவிட்ட எதிர்காலத்திற்கு ஆங்கிலம் நிகழ்காலத் தொடர்வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ‘ஐ ஆம் க்ளோசிங் தி அக்கவுண்ட் ஆன் மண்டே’ என்றால் முடிவு எடுத்தாயிற்று, ஏற்பாடும் ஆயிற்று. ‘ஐ வில் திங்க் அபவுட் இட்’ என்றால் பேசும் அந்த நொடியில் தோன்றிய எண்ணம். ‘நெவர்’ என்பதிலேயே எதிர்மறை அடங்கியுள்ளதால் அதனுடன் ‘நாட்’ சேர்ப்பதில்லை என்பதையும் இத்தலைப்பில் காணலாம்.

‘வில்’ எங்கே பொருந்தும்? ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்பதில் அது வாக்குறுதியாக நிற்கிறது. விட்னி ஹூஸ்டன் 1992இல் ‘தி பாடிகார்டு’ திரைப்படத்தில் பாடி உலகறியச் செய்த இப்பாடலை எழுதியவர் டாலி பார்ட்டன். பல ஆண்டுகள் தம்மோடு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பங்கேற்ற போர்ட்டர் வாகனரிடமிருந்து விலகித் தனிவழி செல்ல முடிவெடுத்தபோது அவர் இதை எழுதினார். 1974இல் அவர் குரலில் வெளிவந்தது. அது காதலரைப் பிரிந்த பாடலன்று. பணியைப் பிரிந்த பாடல். பணிவிலகல் கடிதம் எழுதுவோர் இதிலிருந்து கற்கத் தக்கது உண்டு. கசப்பில்லாமல் விடைபெறுவதற்கு ‘ஐ வில் ஆல்வேஸ் பி கிரேட்ஃபுல் ஃபார் யுவர் சப்போர்ட்’ என்ற ஒரு தொடர் போதும். ‘ஆல்வேஸ்’ என்ற சொல் ‘வில்’ என்பதற்கும் முதன்மை வினைக்கும் இடையில் அமைவதைக் கவனியுங்கள்.

ஒரு வினை, பல பொருள்

பிரிவுப் பாடல்கள் தரும் மற்றொரு செல்வம் கூட்டுவினைகள். ஓர் எளிய வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் பிறக்கும். ‘பிரேக்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். ‘பிரேக் அப்’ என்றால் உறவு முறிதல். ‘பிரேக் டவுன்’ என்றால் வண்டி பழுதாகி நிற்றல் அல்லது மனிதர் மனமுடைந்து அழுதல். ‘பிரேக் ஆஃப்’ என்றால் பேச்சை அல்லது உடன்பாட்டை இடையில் நிறுத்துதல். ‘பிரேக் இன்டு’ என்றால் பூட்டை உடைத்து நுழைதல். தொழில் செய்வோர் அறிந்த ‘பிரேக் ஈவன்’ என்றால் இலாபமும் நட்டமும் இன்றி முதல் தேறுதல். தொலைபேசியில் ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் ‘யுவர் வாய்ஸ் இஸ் பிரேக்கிங் அப்’ என்று சொல்லலாம்.

நீல் செடாகா 1962இல் பாடிய ‘பிரேக்கிங் அப் இஸ் ஹார்ட் டு டூ’ என்னும் தலைப்பில் இந்தக் கூட்டுவினையே தொழிற்பெயராகி எழுவாயாக நிற்கிறது. பிரிதல் கடினம் என்பது போன்ற அமைப்பு. இத்தகைய எழுவாய் ஒருமையாகக் கருதப்படும். எனவே ‘இஸ்’ வந்தது. ‘ரீபேயிங் தி லோன் ஆன் டைம் இஸ் இம்பார்ட்டன்ட்’ என்பதும் அதே அமைப்பு.

‘கெட் ஓவர்’ என்றால் துயரத்தைக் கடந்து மீளுதல். ‘மூவ் ஆன்’ என்றால் பழையதை விட்டு மேற்செல்லுதல். வங்கியில் இவற்றுக்கு உறவினர் பலர் உண்டு. ‘பே ஆஃப்’ என்றால் கடனை முழுதும் அடைத்தல். ‘ஃபால் பிஹைண்ட்’ என்றால் தவணையில் பின்தங்குதல். ‘செட் அசைட்’ என்றால் ஒரு தொகையை ஒதுக்கி வைத்தல். ‘இட்’ போன்ற சிறு சொல் வரும்போது ‘பே இட் ஆஃப்’ என்று இடையில் நுழையும். ஆனால் ‘கெட் ஓவர் இட்’ என்பதைப் பிரிக்க இயலாது.

‘ரைட் ஆஃப்’ என்ற சொல்லில் தனிக் கவனம் தேவை. வங்கி ஒரு கடனை ‘ரைட் ஆஃப்’ செய்தது என்றால், தன் கணக்கேட்டிலிருந்து அதை நீக்கிவிட்டது என்றே பொருள். கடன் வாங்கியவரின் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது. கடனைத் தள்ளுபடி செய்வதற்குரிய சொல் ‘வேவ்’. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதித் தவணையை நிறுத்துவது பெரும் இடரில் கொண்டுபோய் விடும்.

முன்னொட்டுக்கும் ஒரு பாடல் உண்டு. டோனி பிராக்ஸ்டன் 1996இல் பாடிய ‘அன்பிரேக் மை ஹார்ட்’ என்னும் தலைப்பில் ‘அன்’ என்ற முன்னொட்டு ‘பிரேக்’ என்பதற்கு முன் வந்துள்ளது. வினைக்கு முன் வரும் ‘அன்’, செய்ததை மீட்டெடுப்பதைக் குறிக்கும்: ‘அன்லாக்’, ‘அன்பிளாக்’. உடைந்ததை உடையாததாக ஆக்க இயலாது. ஆதலால் ‘அன்பிரேக்’ என்ற சொல் வழக்கில் இல்லை. இல்லாத சொல்லைப் படைத்துக் கேட்பதில்தான் அத்தலைப்பின் துயரம் இருக்கிறது. பெயரடைக்கு முன் வரும் ‘அன்’ எதிர்மறையைக் குறிக்கும்: ‘அன்பெய்டு’ என்றால் செலுத்தப்படாத, ‘அன்செக்யூர்டு லோன்’ என்றால் பிணையம் இல்லாத கடன், ‘அன்க்ளெய்ம்டு டெபாசிட்’ என்றால் 10 ஆண்டுகளாக உரிமை கோரப்படாத வைப்புத்தொகை.

பாடலுக்குத் தகும், கடிதத்திற்குத் தகாது

பில் விதர்ஸ் 1971இல் பாடிய ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ என்னும் பாடலின் தலைப்பை அப்படியே பின்பற்றிக் கடிதம் எழுதலாகாது. எழுத்து வழக்கில் அது ‘தேர் இஸ் நோ சன்ஷைன்’ என்று அமையும். அமெரிக்கப் பேச்சு வழக்குகள் சிலவற்றில் ‘எய்ன்ட்’ என்பதும் இரட்டை எதிர்மறையும் இயல்பானவை. அவ்வழக்கில் அவை பிழையல்ல. நம் திரைப்பாடல்களில் வரும் வட்டார வழக்கு இனிமையானதே. அதற்காக அதை யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை. ‘கான’, ‘வான’ என்று ஒலிப்பவற்றை ‘கோயிங் டு’, ‘வான்ட் டு’ என்று விரித்து எழுத வேண்டும். ‘ஹீ டோன்ட்’ என்று பாடலில் வந்தாலும் எழுத்தில் ‘ஹீ டஸின்ட்’ என்பதே முறை.

இதற்கு மறுதலையாக, இலக்கணம் பிசகாத தலைப்புக்கு ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ சான்று. படர்க்கை ஒருமைக்குரிய ‘ஸ்’ ஒலி ‘டேக்ஸ்’ என்பதில் தெளிவாக நிற்கிறது. 1980இல் இதை வெளியிட்ட ‘அபா’ குழுவினர் சுவீடன் நாட்டவர். பாடல் வரிகளை எழுதிய பியோர்ன் உல்வேயுசுக்கும், அதைப் பாடிய அவருடைய முன்னாள் மனைவி அக்னேத்தாவுக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. கற்றுக்கொண்ட மொழியிலேயே தம் ஆழ்ந்த துயரத்தை உலகிற்குச் சொல்ல அவர்களால் இயன்றது. அது நமக்கும் இயலாததன்று.

ஏழு நாள் பயிற்சி

ஒரு வாரத்திற்கு ஒரு பாடல் போதும். முதல் நாள், வரிகளைப் பாராமல் மும்முறை கேளுங்கள். இரண்டாம் நாள், காதில் விழுந்ததை எழுதுங்கள். மூன்றாம் நாள், அச்சிட்ட வரிகளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். நான்காம் நாள், வினைச்சொற்களை அடிக்கோடிட்டு ஒவ்வொன்றின் காலத்தையும் குறியுங்கள். ஐந்தாம் நாள், பொருளைத் தமிழில் எழுதுங்கள். ஆறாம் நாள், தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்திற்கு மாற்றுங்கள். ஏழாம் நாள், அப்பாடலில் கற்ற அமைப்பில் உங்கள் வேலை, வீடு, கணக்கு பற்றி மூன்று தொடர்களை எழுதுங்கள். வேகமாகப் பாடினால் புரியவில்லை என்போர் நீல் செடாகாவின் பாடலிலிருந்து தொடங்கலாம். அவர் 1975இல் அதே பாடலை மெதுவான நடையில் மீண்டும் பதிவுசெய்தார். சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும்.

பயிற்சி

கீழ்வரும் தொடர்களைத் திருத்துங்கள்.

1. ஐ ஹேவ் விசிட்டட் தி பிராஞ்ச் எஸ்டர்டே.
2. ஷீ இஸ் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.
3. இஃப் யூ வுட் ஹேவ் டோல்டு மீ, ஐ வுட் ஹேவ் ஹெல்ப்டு.
4. ஐ ஆம் யூஸ்ட் டு லிவ் இன் மதுரை. நவ் ஐ லிவ் இன் மும்பை.
5. திஸ் இஸ் மை லோன். ஐ வான்ட் டு பே ஆஃப் இட்.
6. பேயிங் பில்ஸ் ஆன் டைம் ஆர் எ குட் ஹேபிட்.

விடைகள்

1. ஐ விசிட்டட் தி பிராஞ்ச் எஸ்டர்டே. முடிந்த காலத்தைச் சுட்டும் சொல் இருப்பதால் ‘ஹேவ்’ வராது.
2. ஷீ ஹேஸ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ். கால அளவுக்கு ‘ஃபார்’.
3. இஃப் யூ ஹேட் டோல்டு மீ, ஐ வுட் ஹேவ் ஹெல்ப்டு. ‘இஃப்’ பகுதியில் ‘வுட்’ கூடாது.
4. ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை. முன்பு இருந்து இப்போது இல்லாத நிலை.
5. ஐ வான்ட் டு பே இட் ஆஃப். ‘இட்’ இடையில் நுழையும்.
6. பேயிங் பில்ஸ் ஆன் டைம் இஸ் எ குட் ஹேபிட். எழுவாய் ‘பேயிங்’ என்ற தொழிற்பெயர், அது ஒருமை.

ஆறில் நான்கு சரியாக அமைந்தால், அடுத்த முறை வங்கியை ஆங்கிலத்தில் அழைக்கும்போது, நடந்ததையும் நடந்துகொண்டிருப்பதையும் நீங்கள் தயக்கமின்றிப் பிரித்துச் சொல்லலாம்.